சனிக்கிழமை டேரல் முறை

டேரல் வரமாட்டான் என்று எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். ஏரியில் அலை அடங்கி மீன் நன்றாகக் கடிக்கிற நாளில் அந்த ஆள் பெற்ற பிள்ளைகளைத் தேடி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதை ட்ரீனாவிடம் சொல்லவும் சொன்னேன். கேட்டால்தானே!

"இந்த வாட்டி வந்துடுவான் மார்ஜ். மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு டெஸ்ஸாகிட்ட அவனே போன்ல சத்தியம் பண்ணியிருக்கான்."

"அவன் சத்தியத்தைக் கொண்டு போய் உங்க ஆலை ஊறுகாய்ப் பீப்பாயில போடு."

"புள்ளைங்க காதுல விழப்போவுது, மெதுவா பேசு" என்று சொல்லிவிட்டு ராத்திரி வேலைக்குப் போய்விட்டாள்.

ட்ரீனா எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நான் முப்பது வருஷம் உழைத்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட அதே வெள்ளரிக்காய் ஊறுகாய் ஆலையில்தான் இப்போது அவளும் இருக்கிறாள். அவள் ராத்திரி வேலைக்குப் போகும்போது பிள்ளைகள் மூன்றும் என் வீட்டில் படுத்துக்கொள்ளும். மூத்தவள் டெஸ்ஸாவுக்கு ஏழு வயது. அடுத்தவன் காலினுக்கு நாலு. கடைக்குட்டி பென்னி இன்னும் அரைத்துணி கட்டுகிற பிள்ளை.

விடிந்ததும் மூன்று பேரும் தோளில் பையை மாட்டிக்கொண்டு என் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜூன் கடைசி. ஏரியிலிருந்து ஈசல் மாதிரிப் பூச்சிகள் கிளம்பி வரும் காலம். கனடா சிப்பாய் என்போம் அதை, எதிர்க்கரைக் கனடாவிலிருந்து படையெடுத்து வருகிறதாம். படி, தூண், கார்க் கண்ணாடி எல்லாவற்றிலும் அப்பிக் கிடந்தது. காலின் அதுகளைப் பொறுக்கிக் குவளையில் போட்டுக்கொண்டிருந்தான். டெஸ்ஸா என் போனை வாங்கி அப்பன் எண்ணை அழுத்துவதும் வைப்பதுமாக இருந்தாள். அந்த எண் மட்டும் அவளுக்குத் தலைகீழாகப் பாடம். அம்மா எண் தெரியாது. கூடவே இருக்கிற அம்மாவை எதற்குப் போனில் கூப்பிட வேண்டும்?

ட்ரீனாவின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே வினிகரும் ஊறுகாயில் போடுகிற சோயிக்கீரையும் மணந்தது. ராத்திரி முழுக்க ஜாடி மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் போன். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னவாம் தொரைக்கு?" என்றேன்.

"ஓவர்டைமாம்."

"ஓவர்டைமா? அவன் படகு இழுத்துட்டுப் போனதை மளிகைக் கடை வாசல்ல நின்னு நேத்து சாயங்காலம் நான் என் கண்ணால பாத்தேன்டி!"

"மார்ஜ், கொஞ்சம் வாயை மூடு" என்று பல்லைக் கடித்தாள். பிறகு படியில் குந்தி, டெஸ்ஸாவின் முடியை ஒதுக்கிவிட்டு, "அப்பாவுக்கு வேலை வந்துடுச்சுடா தங்கம். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு. நாம போவோம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

இந்தப் பெண்ணுக்கு இது ஒரு பிடிவாதம். பிள்ளைகள் காதில் விழும்படி அப்பனைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டாள். பிரிந்த பிறகு ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை அவன் முறை என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அவன் வராத சனிக்கிழமைக்கெல்லாம் காய்ச்சல், டயர் பஞ்சர், வேலை என்று இவளே காரணம் கட்டி வைத்திருக்கிறாள். அவனோ தன் அம்மாக்காரியைத் தூண்டிவிட்டு வக்கீல் வைத்திருக்கிறான். ராத்திரி வேலைக்குப் போகிறவள், பிள்ளைகளை அண்டை வீட்டில் போடுகிறவள், தனி ஆளாய் மூன்றைப் பார்த்துக்கொள்ள இவளால் ஆகாது, பிள்ளைகளை எங்கள் வீட்டுக்கே கொடுங்கள் என்பது அவர்கள் வழக்கு. வருகிற திங்கட்கிழமை விசாரணை. அதுவரைக்கும் இவள் பேரில் ஒரு சின்னப் புகார் வந்தாலும் பிள்ளைகள் கைவிட்டுப் போகும் என்று இவள் வக்கீலே எச்சரித்திருந்தார்.

"தூங்கிட்டு நாளைக்குப் போயேன்டி. ஒரு கண்ணு கூட மூடலையே நீ" என்றேன்.

"படியில உக்காந்திருக்கறதைப் பாத்தேல்ல? அந்தப் பையைக் கழட்டி வைன்னு எந்த வாயால சொல்றது?"

அவ்வளவுதான். வறுத்த பொலோனி இறைச்சித் துண்டை ரொட்டியில் வைத்து மடித்தாள். முந்தின நாளே உறைய வைத்திருந்த ஜூஸ் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கினாள். அதுவே ஐஸ், அதுவே பானம். பிறகு பிள்ளைகளுக்கு ஆலைப் பனியனை மாட்டினாள். கண் கூசும் பச்சை. பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன் கண்ணில் பட வேண்டும் என்று ஆலையில் வருஷத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்குவதை முதுகுப் பக்கம் ரப்பர் வளையம் போட்டு முடிச்சுப் போட்டாள். எங்கள் ஊரில் ஆலைப் பிள்ளைகள் சந்தைக்கும் திருவிழாவுக்கும் அந்தப் பனியனில்தான் வரும். எத்தனை கூட்டத்திலும் பளிச்சென்று தெரியும். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். கடைசியாக, ஒவ்வொரு கையிலும் தன் போன் எண்ணைப் பேனாவால் எழுதினாள்.

என் முட்டி இருக்கிற நிலையில் நான் கூடப் போகவில்லை. போயிருக்க வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் அன்று சாயங்காலம் அவள் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது, இடையிடையே டெஸ்ஸா சொன்னது. என் கோபத்தில் ஏதாவது சேர்ந்திருந்தால் சேர்ந்துவிட்டுப் போகட்டும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மிருகக்காட்சி சாலைக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே காலினுக்கு மூத்திரம் முட்டியது. தள்ளுவண்டியில் பென்னி, ஒரு கையில் காலின், பின்னால் டெஸ்ஸா, தோளில் சாப்பாட்டுப் பெட்டி. வண்டியை வெளியே விட்டால் பிள்ளையை எவனாவது தூக்கிப் போவான். உள்ளே கொண்டு போனால் கதவைச் சாத்த முடியாது. கடைசியில் அகலக் கதவு போட்ட கழிவறைக்குள் நாலு பேரும் நுழைந்துகொண்டார்கள். வெளியே வரும்போது வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு மகராசி இடுப்பில் கை வைத்து நின்றாளாம்.

"அது கை கால் முடியாதவங்களுக்கு ஒதுக்கினது. எழுதிப் போட்டிருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன். எனக்கு ரெண்டு கைதாம்மா, புள்ளைங்க மூணு. நானும் முடியாதவதான்."

"இத்தனையை வெச்சுக்கிட்டு ஒத்தையில வரலாமா? வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றதுதானே."

"உங்க வீட்டுக்காரரை அனுப்புங்களேன், வண்டியைத் தள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நல்லா கேட்டாள்!

யானையைப் பார்த்தார்கள். தண்ணீர் பீய்ச்சும் முற்றத்தில் பிள்ளைகள் ஒரு ஆட்டம் ஆடின. பேனாவால் எழுதின எண் அங்கேயே கரைந்து போனது யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். உட்கார்ந்த இடத்தில் ட்ரீனாவின் தலை சாய்ந்தது. "அம்மா, உன் வாய் தொறந்திருக்கு" என்று டெஸ்ஸா எழுப்பினாள்.

"துருவக் கரடி எப்பம்மா பாக்கறது?"

"நீர்யானையைப் பாத்துட்டு."

நீர்யானைத் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது பென்னிக்கு வயிறு கலக்கிவிட்டது. அரைத்துணி, வண்டி, ட்ரீனாவின் கை எல்லாம் ஒரே களேபரம். "டெஸ்ஸா, தம்பி கையைப் புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லு, அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். பிள்ளையைத் துடைத்து, புதுத் துணி கட்டி, பழையதைச் சுருட்டி நிமிர்ந்தாள். காலின் நின்றுகொண்டிருந்தான். அவன் கையில் ஒரு சிவப்பு ஐஸ் குச்சி. டெஸ்ஸாவைக் காணோம்.

"அக்கா எங்கடா?"

"பச்சைப் பசங்களோட போயிட்டா."

"எந்தப் பச்சைப் பசங்க?"

அவன் கையை நீட்டினான். ட்ரீனா பார்த்தாள். கண் கூசும் பச்சைப் பனியனில் பிள்ளைகள். ஒன்று இரண்டு இல்லை, ஒரு படையே. கோடை விடுமுறை முகாம் ஒன்று அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறது, அதே பச்சையில். ஒரு வரிசை கிளிக்கூண்டுப் பக்கம் போனது, இன்னொன்று பாலத்தின் மேல், இன்னொன்று எதிர்ப்பக்கம். எங்கே பார்த்தாலும் டெஸ்ஸா.

"எத்தனை கூட்டத்துலயும் தெரியணும்னுதானே மார்ஜ் அதைப் போட்டேன்" என்றாள் என் சமையலறையில்.

காலினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி ஓடினாள். பாலத்தின் மேல் ஒரு சின்னப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். யார் வீட்டுப் பிள்ளையோ, வீலென்று அலறியது. "யாரும்மா நீ? புள்ளை மேல கை வெக்கற?" என்று யாரோ கத்தினார்கள். மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் அடுத்த வரிசைக்கு ஓடினாள். அதிலும் இல்லை.

அப்போதுதான் காவலாளி ஒருவர் சின்ன வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினார். நரைத்த மீசை, பெரிய தொந்தி.

"என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

ட்ரீனாவுக்குத் திங்கட்கிழமை கண் முன்னால் வந்தது. டேரலின் அம்மா, அந்த வக்கீல், நீதிபதி. மூன்று பிள்ளைகளை அழைத்துப் போய் ஒன்றைத் தொலைத்தவள். இவரிடம் சொன்னால் அது பதிவாகும். பதிவானால் மூன்றும் போச்சு.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "அப்படித்தான் சொன்னேன் மார்ஜ். புள்ளையைக் காணோம், நான் ஒண்ணுமில்லங்கறேன். அந்தப் படுபாவிங்க என்னை அந்த நெலைமைக்குக் கொண்டாந்துட்டாங்க."

காவலாளியின் வண்டி கிளம்பி, கிளிக்கூண்டைத் தாண்டவில்லை. "நில்லுங்க!" என்று இவள் போட்ட கூச்சலில் நீர்யானை பார்க்க நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பியது. "என் பொண்ணைக் காணோம்! ஏழு வயசு! டெஸ்ஸா!"

அவர் நல்ல மனுஷன்தான். உடனே வாக்கிடாக்கியை எடுத்தார். "என்ன போட்டிருந்தா?"

"பச்சைப் பனியன்."

அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பாலம் முழுக்கப் பச்சை. "ஐயோ கடவுளே" என்றார். வாசல்களில் வெளியே போகிற பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டு, "கூட வேற யாரு வந்திருக்காங்க?" என்றார்.

"யாருமில்ல."

"தனியாவா மூணு பேரையும்... அப்பா வரலையா?"

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டது. "ஏன் சார், காலையிலிருந்து வழியில பாக்கறவங்க அத்தனை பேரும் என்னையே கேக்கறீங்க? நான் இங்கதான் நிக்கறேன்! வராதவனை யாராவது ஒருத்தர் போயி கேளுங்களேன்! ராத்திரி முழுக்க நின்னு வேலை செஞ்சிட்டு, ஒரு கண்ணு மூடாம கூட்டிட்டு வந்தவளைப் பாத்து ஏன் தனியா வந்தேங்கறீங்களே, வெக்கமா இல்ல?"

காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நான் எழுதி வெக்கணும்மா. புள்ளை காணாமப் போனா எழுதாம விட முடியாது. அதுக்குத்தான் கேட்டேன்."

"எழுதுங்க. என்ன வேணா எழுதிக்கங்க. முதல்ல என் புள்ளையைக் கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தார்கள். முகாம் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்த கொட்டகையில் ஒரு தலை அதிகமாக இருந்திருக்கிறது. திரும்பத் திரும்ப எண்ணியும் அதே அதிகம். வரிசையை நடத்திய கைலி என்ற கல்லூரிப் பெண்தான் எல்லாருக்கும் ஐஸ் குச்சி கொடுக்கும்போது டெஸ்ஸாவுக்கும் காலினுக்கும் கொடுத்தவள். "ஜோடி கையை விடாதீங்க" என்று டெஸ்ஸாவின் கையை எடுத்து வேறொரு பெண்ணின் கையில் கொடுத்து நடக்கச் சொன்னவளும் அவள்தான். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை டெஸ்ஸா. நடந்துவிட்டாள்.

ட்ரீனா கொட்டகைக்குள் ஓடியபோது டெஸ்ஸா ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் நின்ற கைலிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ட்ரீனா பிள்ளையைக் கட்டிப் பிடித்து, முதுகில் ஒரு அடி வைத்து, மறுபடி கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க மேடம். எல்லாம் ஒரே பச்சையா இருந்துச்சா, எங்க புள்ளைன்னு நெனச்சிட்டேன்" என்றாள் கைலி.

"உன் வேலை எண்ணறதுதானே? எண்ணத் தெரியாதா உனக்கு?"

"தப்புதான். ஆனா தெரிஞ்ச உடனே போன் பண்ணேன் மேடம். அவ சொன்ன நம்பருக்கு."

"எனக்கு எந்தப் போனும் வரலையே."

கைலி டெஸ்ஸாவைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பா நம்பர் மட்டுந்தான் தெரியும்னா. ஒரு ஆளு எடுத்தாரு. மோட்டார் சத்தம், சுத்தி சிரிப்புச் சத்தம், ஏதோ படகுல இருக்கற மாதிரி இருந்துச்சு. உங்க பொண்ணு தனியா இங்க இருக்கான்னு சொன்னேன். 'இன்னிக்கு என் முறை இல்ல, அவ அம்மாவைக் கூப்பிடு'ன்னாரு. அம்மா நம்பர் குடுங்கன்னு கேக்கறதுக்குள்ள வெச்சிட்டாரு. மறுபடி அடிச்சேன், எடுக்கல."

"இவ கேட்டாளா அதை?"

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். தப்புத்தான் மேடம்."

ட்ரீனா காவலாளியிடம் திரும்பினாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

"ஏம்மா, நெஜமாவே இன்னிக்கு யாரு முறை?" என்றார்.

ட்ரீனா சுற்றிப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளும் அங்கேயே இருந்தன. இத்தனை நாள் கட்டிக் காத்த வாய் அது. "அவன் முறை" என்றாள். "கோர்ட்டு குடுத்த முறை. ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு மீன் புடிக்கப் போயிருக்கான். இது முதல் தடவையும் இல்ல. எழுதுங்க சார். இந்தப் பொண்ணு போன் பண்ணினது, அவன் சொன்னது, வெச்சது, ஒண்ணு விடாம எழுதுங்க. திங்கக்கிழமை எனக்கு வேணும்."

"எழுதறேன்" என்றார் அவர். கைலியும் தன் பெயரைச் சொன்னாள். கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வருவதாகவும் சொன்னாள். வரட்டும், எண்ணத் தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ட்ரீனாவின் போன் அடித்தது. டேரல். பிள்ளை காணோம் என்று தெரிந்த நேரத்தில் இவளுக்கு ஒரு போன் செய்யத் தோன்றவில்லை அவனுக்கு. அம்மாக்காரியிடம் பேசி, இதை வைத்து என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு இப்போது கூப்பிடுகிறான்.

"புள்ளையைத் தொலைச்சிட்டியாமே! நல்ல அம்மா நீ. திங்கக்கிழமை பாரு, உன் லட்சணத்தை ஊருக்கே..."

ட்ரீனா வாயைத் திறந்தாள். அவனுக்குச் சொல்ல அவளிடம் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தது இருந்தது. அதற்குள் டெஸ்ஸா கையை நீட்டினாள்.

"குடும்மா, நான் பேசறேன்."

அப்பன் குரலைக் கேட்டால் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தாளாம் இந்தப் பைத்தியக்காரி. அந்த நேரத்திலும்! போனைக் கொடுத்தாள்.

பிள்ளையின் குரல் கேட்டதும் அவன் குரல் வெண்ணெயாக உருகியது. பக்கத்தில் நின்ற ட்ரீனாவுக்கே கேட்டது. "டெஸ்ஸாக் குட்டி, என் தங்கம், பயந்துட்டியாடா? அப்பா இப்பவே கெளம்பி வர்றேன், என்ன?"

"வேணாம்ப்பா" என்றாள் டெஸ்ஸா. "இன்னிக்கு உன் முறை இல்ல."

கோபமாகச் சொல்லவில்லையாம். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னாளாம். சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியின் கைப்பிடியில் தானும் ஒரு கை போட்டுத் தள்ளத் தொடங்கினாள்.

எனக்கு இதைக் கேட்டதும் கை தட்ட வேண்டும் போலிருந்தது. "அப்படிப் போடு! அவன் அம்மா வெச்ச வக்கீல் பத்து பேரு வந்தாலும் இதுக்கு மேல என்னடி வேணும்? ஜெயிச்சிட்டே நீ!" என்றேன்.

ட்ரீனா என் சமையலறை மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். காபிக் கோப்பை துள்ளி விழுந்து உடைந்தது.

"ஏழு வயசு மார்ஜ் அவளுக்கு!" என்று கத்தினாள். "ஏழு வயசு! அந்த நாய் சொன்னதை என் புள்ளை ஏன் கத்துக்கணும்? அவனை நம்பாதேன்னு நான் ஒரு நாள் சொன்னதில்ல. அவனே சொல்லிக் குடுத்துட்டான். படகுல உக்காந்துக்கிட்டு சொல்லிக் குடுத்துட்டான்!"

கூடத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தன. கதவு திறந்துதான் இருந்தது. மெதுவாகப் பேசு என்று நான் சொல்லவில்லை, அவளும் குரலைத் தாழ்த்தவில்லை. உடைந்த கோப்பையைப் பொறுக்க டெஸ்ஸாதான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.